மாட்டுக்கொட்டில் மண்ணில் வள்ளிக்கிழங்கு

ரப்பர் விலை விழுந்த இரண்டாம் வருஷம், புரட்டாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் என் அண்ணனுக்கு இரயில் பட்டறையில் வேலை போயிற்று. வெள்ளிக்கிழமைதானா என்று பின்னாளில் எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. ஆனால் அவர் வழக்கத்துக்கு முன்னதாக வீடு திரும்பியபோது, அண்ணி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தது கண்ணில் நிற்கிறது. ஆகவே வெள்ளிதான்.

நாங்கள் அப்போது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையல் இடம், நடுவில் சாக்குத் திரை. வீடு அண்ணனின் வேலையோடு வந்தது. வேலை போனால் வருஷக் கடைசிக்குப் பிறகு வீடும் போகும். அண்ணன், அண்ணி, அவர்களுடைய சின்ன மகள், நான் என நான்கு பேர். நான் அதே நகரில் ஓர் இறக்குமதிக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. கல்யாணம் ஆகாதவன். சாமான் கட்டி வருகிற செய்தித்தாள் முதல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன்.

வேலை போனவர்களைச் சர்க்கார் செலவில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வரிசையிலேயே பல கதவுகள் பூட்டிக் கிடந்தன. அண்ணன் கொஞ்ச நாள் ஈயச் சுரங்கம், மரவாடி என்று அலைந்து வேலை கேட்டுப் பார்த்தார். பிறகு ஒரு நாள் காலையில் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர் மத்தியானம் வந்து உட்கார்ந்தார்.

“பேரு குடுத்துட்டு வந்துட்டேன்.”

அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். “யாரு பேர?”

“மூணு பேரையும்தான். தம்பிக்கு வேல இருக்கு, அவன் இருக்கட்டும். தை மாசக் கப்பல்.”

“எனக்கு அங்க யாரு இருக்கா?”

“வீடு இருக்கு. பெரியண்ணன் இருக்காரு. ரெண்டு காணி புஞ்சை இருக்கு.”

“அது ஒங்களுக்கு. நான் கிள்ளான்ல பொறந்தவ. எனக்கு அந்த ஊரு தெச தெரியாது. புள்ளைக்கும் தெரியாது. இது இங்க பொறந்துச்சு, இங்கயே வளரட்டும்.”

அண்ணி சொன்னது மிகையில்லை. அவருடைய தகப்பனார் கிள்ளானில் ரோடு போடும் வேலைக்கு வந்தவர். தாயும் தகப்பனும் இவருக்குக் கல்யாணமாகும் முன்பே போய்விட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊரை அவர் பேச்சில் மட்டுமே கேட்டிருந்தார். அந்தப் பேச்சிலும் வருகிறதெல்லாம் பங்காளிச் சண்டையும் தண்ணீர்ப் பஞ்சமும்தான்.

என் சம்பளத்தை வைத்து ஓர் அறை பிடித்துச் சமாளிக்கலாம் என்று நான் சொன்னேன். எங்கள் கம்பெனியிலும் சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள், ஆனாலும் சொன்னேன்.

“தம்பி சோத்துல எத்தன நாளுடா ஒக்காந்திருக்கறது?” என்றார் அண்ணன். “ஒனக்கும் நாளைக்கு ஒருத்தி வருவா. அவ கேப்பா.”

“வராத பொண்டாட்டிக்கு இப்பவே பயந்தா எப்பிடி?” என்றார் அண்ணி. நான் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

வழி தேடியவர் அண்ணிதான். எங்கள் வரிசைக்குப் பின்னால், கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான இடத்தில் ஒரு பால்காரர் மாடுகள் வைத்திருந்தார். பெருத்த உடம்பு, மாட்டை அதட்டுகிற குரலிலேயே மனிதர்களோடும் பேசுவார். ஆற்றில் வெள்ளம் ஏறி மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு கொட்டிலை மேட்டுக்கு மாற்றிவிட்டார். பழைய கொட்டில் இருந்த இடம் வெறுமனே புல் முளைத்துக் கிடந்தது. குழந்தைக்குப் பால் வாங்கப் போன அண்ணி அந்த இடத்தைக் கேட்டுவிட்டு வந்தார். மறுநாள் மாலை பால்காரர் வீட்டுக்கே வந்தார்.

“தங்கச்சி என்னமோ கெழங்கு போடணும்னு சொல்லுச்சு. போடட்டும். வருஷக்கணக்கா சாணியும் மூத்திரமும் ஊறின மண்ணு அது. கல்ல ஊனுனாக்கூட மொளைக்கும்.”

“குத்தகை?” என்றார் அண்ணன்.

“மொதல்ல ஒரு வெள்ளாம எடுத்துக் காட்டுங்க லா. பொங்கலுக்கு நல்லா வெளைஞ்சு நின்னுச்சுன்னா ஆத்தங்கர வரைக்கும் உள்ள இடத்த வெச்சுக்கங்க. மேட்டுல ஒரு ஷெட்டு காலியாத்தான் கெடக்கு, அதுலயே இருந்துக்கங்க. வெளையலன்னா எம் மாட்டுக்குப் புல்லு வேணும், நான் எடுத்துக்குவேன். இதுல ஒளிவு மறைவு இல்ல.”

ஒளிவு மறைவு இல்லாத அந்தப் பேச்சு அண்ணனுக்குப் பிடித்திருந்தது. கப்பலுக்குக் கொடுத்த பெயரைப் பொங்கல் கழிந்த ஒரு வாரத்துக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்களாம். ஆனால் ஒரு தடவை வாங்கிவிட்டால் மறுபடி இலவசப் பயணம் கிடையாது. ஆகவே வீட்டில் முடிவு இப்படி ஆயிற்று: பொங்கலுக்குக் கிழங்கு விளைந்திருந்தால் பெயரை வாங்கிக்கொண்டு இங்கேயே இருப்பது, இல்லாவிட்டால் கப்பல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நானும் இரயிலில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து பண்டமாரான் பக்கம் நடந்தோம். அண்ணியைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த ஒரு மலாய்க்கார அம்மாள் அங்கே ஒரு கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், இருந்தார். கெலெடெக் என்று அவர்கள் சொல்கிற சர்க்கரைவள்ளி அவர் வீட்டைச் சுற்றிப் படர்ந்து கிடந்தது. மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் நடுவதற்குக் கொடி கேட்டு வந்திருக்கிறோமே என்று அந்த அம்மாள் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு சாக்கு நிறைய வெட்டிக் கொடுத்தார். அண்ணி அந்த வீட்டு முற்றத்தில் செருப்பில்லாமல் நடந்த விதத்தையும், கேட்காமலே குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்ததையும் பார்த்தபோது, அவர் சொன்ன “கிள்ளான்ல பொறந்தவ” என்பதன் பொருள் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. திரும்பும்போது ஈரச் சாக்கு சொட்டிச் சொட்டி எங்கள் பெட்டியில் ஒரு வாய்க்காலே ஓடியது. எதிரே இருந்த சீனர் காலைத் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார்.

நட்டது ஐப்பசி பிறந்த பிறகு. இந்தப் பக்கத்தில் மழை குறைந்த மாதங்களில்தான் வள்ளிக்கிழங்கு போட்டு எடுத்துவிடுவார்கள். எங்களுடையது பின்பட்டம். ஆனால் தையில் எடுக்க வேண்டும் என்பதை நாங்களா தீர்மானித்தோம்? கப்பலும் பொங்கலும் சேர்ந்து தீர்மானித்தன.

அண்ணன் மண்வெட்டி பிடித்து வளர்ந்த கைதான். முழங்காலளவுக்குக் கொஞ்சம் குறைவாக மேடு மேடாக மண்ணை அணைத்தார். முழ நீளத்துக்கு நறுக்கிய கொடியை நடுப்பகுதி மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலுமாக அண்ணி ஊன்றிக்கொண்டே போனார். நான் ஞாயிறுகளில் சாணம் சுமந்தேன். ஆம், அந்த மண்ணுக்கு மேலும் சாணம். பால்காரர் மனங்கோணாமல் கொடுத்தார். தம் மாட்டுச் சாணத்தின் பெருமையைச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

“எடுங்க கிராணியாரே, நல்லா அள்ளிப் போடுங்க. கெழங்கு ஒன்னொன்னும் தலகாணி மாதிரி வரணும்.”

என்னிடம் ஒரு பழைய இங்கிலீஷ் தோட்டக்கலைப் புத்தகம் இருந்தது. அதில் இந்தக் கிழங்குக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த அரைப் பக்கத்திலும் பெரும்பகுதி, இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல்களில் கிழக்கே வந்தது என்ற சரித்திரம். பொங்கல் படையலில் ஆதிகாலம் முதல் இருந்தது போல மஞ்சளுக்கும் கரும்புக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கிழங்கு, கடல் கடந்து வந்து நம்முடையதானது. இதை அண்ணியிடம் சொன்னேன். “அப்ப அதும் கூலிக் கப்பல்ல வந்ததுதானா?” என்று கேட்டுவிட்டு நட்டுக்கொண்டே போனார். எரு அதிகமானால் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

கொடி வேர் பிடித்ததும் அண்ணி மாரியம்மன் கோவிலுக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தின் ஆணியில் மாட்டினார். முதல் வெட்டுக் கிழங்கு பொங்கலன்று அம்மனுக்கு. அதற்கு முன்னால் யாரும் அந்த மண்ணில் கை வைக்கக் கூடாது. இது எங்கள் ஜனங்களிடம் உள்ள வழக்கந்தான். வாழையோ பூசணியோ, சாமிக்கு என்று நேர்ந்து விட்டதை நடுவில் தொடமாட்டார்கள். மற்றபடி வள்ளிக்கிழங்கு போட்டவர்கள் இடையிடையே கொடியின் அடியில் விரலால் மண்ணைப் பறித்து, வேர் திரண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு மூடுவதுண்டு. எங்கள் பாத்தியில் அந்த விரல் இறங்கவில்லை. மேலே தெரிந்ததை வைத்துத்தான் கீழே இருப்பதைக் கணக்கிட்டோம்.

மேலே தெரிந்ததோ, பார்த்தவர்கள் வாய் பிளக்கிற மாதிரி இருந்தது. கார்த்திகை தீபத்துக்கெல்லாம் மேடும் பள்ளமும் தெரியாமல் கொடி மூடிவிட்டது. தண்டு சிறுவிரல் கனம். இலை உள்ளங்கையை விட அகலம். நிறம் கறுப்போடிய பச்சை. அண்ணி கொழுந்தைக் கிள்ளிக் கீரையாக ஆக்கினார். எங்களுக்குத் தின்று தீரவில்லை. வரிசை முழுவதும் கொடுத்தார். பக்கத்து வீட்டு சிக்னல்காரரின் மனைவி முறம் எடுத்துக்கொண்டே வந்துவிடுவார்.

“கீரையே இப்பிடின்னா கெழங்கு எப்பிடி இருக்கும்டி? தூக்கறதுக்குக் கிரேன் வேணும்.”

“பட்டறையிலருந்து இவுங்க கொண்டாருவாங்கக்கா,” என்றார் அண்ணி.

“பட்டறைக்காரன்தான் இவனையே தூக்கி வெளிய வெச்சுட்டானே!” என்றார் சிக்னல்காரர் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்கூடச் சிரித்தார். வேலை போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனால்தான் அந்த வெறும் பரிகாசப் பேச்சு எனக்கு மறக்கவில்லை.

கார்த்திகை முழுக்க மழை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் இருண்டு, அரைமணி ஒருமணி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். ஆற்றில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஏறியது. நல்லவேளையாக எங்கள் மேடுகள் வரை வரவில்லை. மழை ஈரத்தில் கொடியின் ஒவ்வொரு கணுவும் மண்ணில் வேர் விட்டது. அப்படி விட்டால் தாய் வேரில் கிழங்கு தேறாது என்று அண்ணி குனிந்து குனிந்து கொடிகளைப் பெயர்த்துப் புரட்டிப் போடுவார். ஒரு பக்கம் புரட்டி முடிப்பதற்குள் மறு பக்கம் வேர் விட்டிருக்கும். குழந்தை கரையில் உட்கார்ந்து இலைக் காம்பை மாறி மாறி ஒடித்து, நாரில் தொங்குகிற சங்கிலி செய்து கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கும். “அம்மா, நாம இங்கயேதான் இருப்போமா?” என்று ஒருநாள் கேட்டது. வீட்டில் பேசுவதெல்லாம் அதன் காதிலும் விழத்தானே செய்யும்.

“கெழங்கக் கேட்டுச் சொல்றேன்,” என்றார் அண்ணி.

மார்கழியில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பால்காரரின் காலி ஷெட்டுக்குத் தற்காலிகமாக மாறினோம். பொங்கல் வரை இருக்கட்டும் என்று அவரே சொன்னார். அங்கிருந்து பார்த்தால் பாத்தி முழுவதும் தெரியும். அண்ணி அடிக்கடி வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பொங்கலன்று காலையிலேயே பால் பொங்கிற்று. பால்காரரும் வந்துவிட்டார். மாட்டுப் பொங்கலுக்கு வாங்கிய மாலைகளில் ஒன்றைப் பாத்தியின் தலைமாட்டில் வைத்தார். சூடம் கொளுத்தி, கும்பிட்டு, அண்ணன் முதல் மேட்டில் மண்வெட்டியைப் போட்டார். கிழங்கில் வெட்டு விழக்கூடாதென்று தள்ளி, ஆழமாகப் போட்டு நெம்பினார். பிறகு இரண்டு கைகளாலும் கொடியின் அடியைப் பிடித்துத் தூக்கினார்.

வந்தது ஒரு கொத்து வேர். பென்சில் கனம், சில இடங்களில் கொஞ்சம் கூட. நுனியில் ஈரமண் தொங்கிக்கொண்டிருந்தது.

“அடுத்ததப் பாருங்க,” என்றார் அண்ணி.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அண்ணன் வேகமாக வெட்டிக்கொண்டே போனார். எல்லாம் கொழுத்த கொடி, அடியில் கயிறு. நடைபாதையை ஒட்டிய ஓரத்தில், சாணம் விழாத மணல் மண்ணில் மட்டும் கையளவு கிழங்குகள் சில கிடைத்தன. சிவந்த தோலோடு அழகாக இருந்தன. ஒரு சின்னத் தட்டுக்குக் காணும். அவற்றை அம்மனுக்கு என்று அண்ணி முந்தானையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது. ஆற்றுப் பக்கத்து மேடுகள் பாக்கி இருந்தன. அண்ணி குனிந்து, வெட்டிப் போட்ட கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வேரைத் தடவிப் பார்த்தார். ஒரு வேரை நகத்தால் கீறினார். பால் கசிந்தது.

“இங்க பாருங்க. இப்பத்தான் பருக்க ஆரம்பிச்சிருக்கு. மழ இப்பத்தான நின்னுச்சு? மிச்சத்த வெட்டாதீங்க. இன்னும் ஒரு மாசம் விட்டுப் பாப்போம்.”

“ஒரு மாசம் கழிச்சு கப்பல் எங்கடி நிக்கும்?”

“பேர வாங்கிருங்க.”

“வாங்கிட்டு? இந்த வேர அவிச்சுத் தின்றதா?” அண்ணன் ஒரு கொடியைத் தூக்கிக் காட்டினார். “வீடு போச்சு. இவுரு நல்ல மனுசன், ஷெட்ட விட்டாரு. எத்தன நாளைக்கு? நாளைக்குப் புள்ளைக்கு ஒன்னுன்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்? பேர வாங்கிட்டா அப்பறம் கடல நீந்தித்தான் போவணும்.”

“போவ வேணாம்னுதான சொல்றேன்.”

“வெளையலன்னா கப்பல்னு ஒத்துக்கிட்டோமா இல்லியா?”

“ஒத்துக்கிட்டோம்,” என்றார் அண்ணி. “ஆனா வெளையலன்னு எனக்குத் தோணல. வெளைஞ்சுக்கிட்டு இருக்கு.”

பால்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். புருஷன் பெண்சாதி பேச்சில் அவர் நுழைகிறவரில்லை. நான் என் அரைப் பக்கத்துப் படிப்பை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். கடைசியில் அண்ணன் மண்வெட்டியைத் தரையில் சாய்த்தார். மிச்ச மேடுகளை வெட்ட அவருக்குத் தெம்பு இல்லை. “மாட்டுக்கு விட்டுருங்க” என்று பால்காரரிடம் சொல்லிவிட்டுக் கால் கழுவ ஆற்றுக்கு இறங்கினார்.

அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அன்றும் சரி, இன்றும் சரி. அவர் பயந்தது கற்பனைக்கு அல்ல. எங்கள் வரிசையில் பெயரை வாங்கிக்கொண்டு வேலைக்குக் காத்திருந்தவர்கள் கடைசியில் கோவில் வாசலில் கஞ்சிக்கு நின்றதை நாங்கள் பார்த்திருந்தோம். மண்ணுக்குள் இருப்பதை நம்பச் சொன்னார் அண்ணி. கண்ணுக்குத் தெரிந்ததை நம்பினார் அண்ணன். இருவர் கையிலும் இருந்தது ஒரே வேர்தான்.

தை முடிவதற்குள் அவர்கள் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் கப்பலேறினார்கள். படகுத்துறையில் கூட்டம் நெருக்கியது. கப்பலைப் பார்த்து வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்த குழந்தை, படிக்கட்டில் ஏறும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அண்ணிதான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். “சித்தப்பா அடுத்த கப்பல்ல வருவாரு,” என்றார் அதனிடம். என்னிடம், “தம்பி, நேரத்துக்குச் சாப்புடுங்க. பொஸ்தகத்தப் பாத்துக்கிட்டுச் சோத்த ஆற விடாதீங்க,” என்றார்.

மாசி முழுவதும் சொட்டு மழை இல்லை. நான் சக கிராணிகள் நால்வரோடு ஓர் அறையில் பங்கு போட்டுக்கொண்டு இருந்தேன். பங்குனி பிறந்து சில நாளில், நான் வேலைவிட்டு வந்தபோது அறை வாசலில் பால்காரர் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு சாக்கு. அவர் ஒருவராக அதை அவ்வளவு தூரம் எப்படிச் சுமந்து வந்தார் என்று தெரியவில்லை.

“கொடிய மாட்டுக்கு அறுத்துப் போடலாம்னு போனேன் தம்பி. அடி கொடியப் புடிச்சு இழுத்தா வரமாட்டேங்குது. மண்ணு வெடிச்சிருக்கு. என்னடான்னு தோண்டிப் பாத்தேன்...”

சாக்கின் வாயைப் பிரித்தார். மேலே இருந்ததை நான் ஒரு கையால் எடுக்க முடியவில்லை.

“எல்லாமேவா?” என்று கேட்டேன்.

“அந்தப் பக்கத்து மேடு பூராவும். இன்னும் கெடக்கு, வண்டி வெச்சுத்தான் எடுக்கணும்.” அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். “வெயிலு பட்டதும் கெழங்கு எறங்கிருச்சு. அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லுச்சே தம்பி. ஒரு மாசம்னு சொல்லுச்சே. ‘இருங்கப்பா, நான் சோறு போடறேன்’னு ஒரு வார்த்த சொல்ல எனக்கு வாய் வரலியே.”

அவர் போன பிறகு அறைக்காரர்கள் கிழங்கை அவித்தார்கள். மாவாக, தித்திப்பாக இருந்தது என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். எனக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். விழுங்கிவிட்டுக் கை கழுவப் போனேன்.

ஊருக்கு இதை எழுதவில்லை. கொஞ்ச நாள் போகட்டும், அங்கே நிலைப்பட்டதும் வேடிக்கைபோல எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆடி மாதத்தில் அங்கிருந்து செய்தி வந்தது. ஊரில் காய்ச்சல் பரவியதாகவும், குழந்தை தப்பவில்லை என்றும் அண்ணன் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு எழுதுவதாவது.

ரப்பர் விலை மெல்ல ஏறிய பிறகு பட்டறையில் பழைய ஆட்களைக் கூப்பிட்டார்கள். அண்ணன் முதலில் தனியாக வந்தார். நரைத்திருந்தார். வந்த மறுநாள் மாலை இருவரும் ஆற்றங்கரை வழியாக நடந்தோம். அந்த இடத்தில் மறுபடி புல்லும் இரண்டு கன்றுக்குட்டிகளும்தான். அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன்.

“எத்தன மேடு?” என்று மட்டும் கேட்டார்.

“நீங்க வெட்டாம விட்டது பூராவும்.”

அண்ணன் வேலிக் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, “அவகிட்டச் சொல்லிறாதடா,” என்றார். “அவ அங்க என்னைய ஒரு சொல்லு கேக்கல. புள்ளயப் பொதச்சிட்டு வந்த அன்னிக்குக்கூட, நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்கன்னு கேக்கல. கேட்டிருந்தாலும் பரவால்ல. இத வேற அவ தலயில எறக்காத.”

அடுத்த வருஷம் அண்ணி வந்தார். சித்திரை என்று நினைத்திருந்தேன். இல்லை, வைகாசியில், கப்பலில் வருகிறவர்களைத் தொற்றுநோய்க்கு அஞ்சித் தடுத்து வைக்கும் முகாமிலிருந்து வெளியே வந்தார். சித்திரை கப்பல் புறப்பட்ட மாதம். போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலிருந்து இரயிலில் வந்து இறங்கி, புதிதாகக் கிடைத்த வரிசை வீட்டுக்கு மூவரும் நடந்தோம். பெட்டி என் தோளில். இளைத்திருந்தார், ஆனால் இரயில் ஜன்னலில் கிள்ளானைக் கண்டதும் எழுந்து நின்றுகொண்டே வந்தார். குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை. பால்காரர் வேலிக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணியின் நடை தளர்ந்தது.

“அந்த மிச்ச மேட்ட என்ன பண்ணாங்க?”

அண்ணன் திரும்பாமலே சொன்னார். “மாடு தின்னுருச்சு.”

“கெழங்கு?”

“கெழங்கு எங்க இருந்துச்சு? வெறுங் கொடிதான்.”

அண்ணி என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்தார்.

“தின்னட்டும்,” என்றார். “அதுக்காச்சும் வயிறு நெறஞ்சுதே.”

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.